மூன்று மரையில் நின்ற சக்கரம்

சக்கரம் கண்டுபிடிக்கப்பட்டதற்குப் பிறகு மனிதகுலம் கண்ட மாபெரும் முன்னேற்றம், நீர்த்தேக்கப் பராமரிப்புப் பிரிவின் குட்டி டிராக்டருக்குப் பின்சக்கரங்கள் இரண்டும் பக்கத்துக்கு நாலு விரற்கடை வெளியே தள்ளி மாட்டப்பட்டதுதான். கண்காணிப்பாளர் அப்படித்தான் கருதினார். கூட்டம் கூட்டி அப்படியே சொல்லவும் செய்தார். கேட்டவர்கள் ஒன்பது பேர். அதில் இரண்டு பேர் டீத் தட்டோடு மாட்டிக்கொண்டவர்கள்.

நீர்த்தேக்கத்தின் கரை, நின்று பார்த்தாலே முட்டி வலிக்கும் சரிவான மண்மேடு. அதில் புல் வெட்டுவதற்குத்தான் அந்த டிராக்டர். ஒடுங்கிய உடம்பு, உயர்ந்த இருக்கை. சரிவில் குறுக்கே ஓட்டினால் கீழ்ப்பக்கம் சாய்ந்துகொண்டு, விழலாமா வேண்டாமா என்று யோசிக்கும். அது யோசித்த இரண்டு தடவையும் டிரைவர் குதித்துத் தப்பினான். டிரைவர் வேறு யாருமில்லை, ஒர்க்‌ஷாப்பின் மூத்த மெக்கானிக்குடைய மச்சினன். மனைவியின் கடைசித் தம்பி. மேட்டின் மேல்பாதியைக் கைமெஷினால் வெட்டிக்கொள்ளலாம் என்று அவன் ஒரு மனு எழுதிக் கொடுத்தான். மனு கண்காணிப்பாளரின் மேசையில் டீ டம்ளருக்கு அடியில் வேலை பார்த்தது. அதற்குள் கண்காணிப்பாளர் கைபேசியில் ஒரு படம் பார்த்துவிட்டார். காலை அகட்டி நிற்கும் டிராக்டர், பக்கத்தில் சிரிக்கும் மனிதன். முடிந்தது கதை. வெள்ளிக்கிழமை தலைமைப் பொறியாளர் வந்து தொடங்கிவைப்பார் என்று ஏற்பாடாகிவிட்டது.

வியாழக்கிழமை மதியம் லேத் பட்டறையிலிருந்து இரண்டு இரும்பு வட்டங்கள் வந்தன. சக்கரத்துக்கும் அச்சுக்கும் நடுவே வைக்க வேண்டியவை. மெக்கானிக் மாட்டிப் பார்த்தார். வட்டங்கள் கச்சிதம். ஆனால் போல்ட்டுகள் பழையவை. நீளத்தை இரும்பு வட்டம் தின்றுவிட்டது. நட்டு பிடிக்க வேண்டிய மரைச்சுற்று பத்து என்றால், பிடித்தது மூன்று. நீளமான போல்ட்டு வர இரண்டு வாரம் ஆகும்.

அது மட்டுமா? வாளித் தண்ணீரை இடுப்போடு ஒட்டித் தூக்குவதும் கையை நீட்டித் தூக்குவதும் ஒன்றா? வாளி அதே வாளிதான், போவது தோள்பட்டை. சக்கரம் வெளியே போகப் போக வண்டி சாயாது, சரி. ஆனால் அச்சும் பேரிங்கும் கையை நீட்டியபடி அந்தப் பாரத்தைச் சுமக்க வேண்டும். முப்பத்தொரு வருஷ அனுபவத்தில் இது அவருக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். சொல்லிவிடலாம் என்று கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

அப்போது கண்காணிப்பாளர் உள்ளே வந்தார்.

"என்ன எஞ்சினியரே, எப்படி இருக்கு நம்ம ஐடியா?"

மெக்கானிக் திரும்பி வாசலைப் பார்த்தார். வேறு யாரும் வரவில்லை. தன்னைத்தான் சொல்கிறார். முப்பத்தொரு வருஷமாக அவர் "யோவ்", "ஸ்பேனரு", "இங்க வாய்யா" என்பதைத் தாண்டி ஏறியதில்லை.

"நாளைக்கு மேடையில உங்களுக்கும் ஒரு சேர் போடச் சொல்லியிருக்கேன். நீங்க இல்லாம இது நடக்குமா? ஏதாவது சொல்லணுமா?"

"வந்து... இந்த போல்ட்டு சார்..."

"போல்ட்டுக்கு என்ன?"

"நல்லா இருக்கு சார்."

"அதானே. எஞ்சினியர் கண்ணுல படாதது ஒண்ணு இருக்குமா?"

'சோதித்துப் பார்த்தேன், இயக்கத் தகுதியானது' என்ற வரிக்குக் கீழே மெக்கானிக் கையெழுத்துப் போட்டார். வழக்கமாகக் கோழி கிளறியதுபோல இருக்கும் கையெழுத்து, அன்று முத்து முத்தாக விழுந்தது.

வீட்டில் மனைவி சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்டாள். "தம்பி ஓட்டுற வண்டி. நல்லாப் பாத்தீங்கல்ல?"

"நான் பாக்காம வேற யாரு பாப்பாங்க?" என்றார். அதில் பொய் எதுவும் இல்லை.

வெள்ளிக்கிழமை தலைமைப் பொறியாளர் பச்சைக்கொடி அசைக்க, டிராக்டர் சரிவில் ஏறியது. உண்மையிலேயே சாயவில்லை. கைதட்டினார்கள். மேடையின் கடைசி நாற்காலியில் மெக்கானிக் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். நாற்காலிக்கு ஒரு கால் கொஞ்சம் குட்டை. ஆடாமல் இருக்க மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. மூன்றாம் நாள்தான் இன்னொரு சங்கதி தெரிந்தது. வெட்டுகிற கத்தி பழைய அகலம். சக்கரங்கள் அதற்கு வெளியே ஓடி, வெட்டாத புல்லைப் படுக்கவைத்துவிட்டுப் போயிருந்தன. படுத்த புல் மேடு முழுக்க வரிவரியாக எழுந்து நின்றது. கண்காணிப்பாளர் அதை அழகுக்காக விட்டது என்று சொல்லிவிட்டார்.

நீள போல்ட்டு வேண்டும் என்று மெக்கானிக் அப்போதாவது எழுதியிருக்கலாம். எழுதினால், போட்ட கையெழுத்து பொய் என்று ஆகிவிடும். எழுதவில்லை. பதிலுக்குத் தினமும் காலையில் வந்து, ஸ்பேனரைப் போட்டு, மொத்த உடம்பையும் அதன்மேல் தொங்கவிட்டு நட்டுகளை இறுக்கினார். மூன்று மரையை எவ்வளவு இறுக்கினாலும் அது மூன்று மரைதான்.

"என்ன மாமா, டெய்லி வந்து இதுக்குக் கால் அமுக்கி விடுறீங்க?" என்றான் மச்சினன். "எங்க அக்காவுக்கு ஒருநாள் அமுக்கியிருப்பீங்களா?"

"ரொம்ப மேல ஏத்தாதடா."

"ஏன்? முன்ன மாதிரி இல்ல மாமா இப்ப, பூமிய கவ்விப் பிடிச்சுக்குது. நீங்க பாத்துக் கையெழுத்துப் போட்ட வண்டி. அப்புறம் எனக்கென்ன பயம்?"

மெக்கானிக் வாயைத் திறந்தார். கொட்டாவி விட்டதுபோல் மூடிக்கொண்டார். வண்டி சாயாத தைரியத்தில் மச்சினன் ஒவ்வொரு நாளும் இன்னும் நாலடி மேலே ஏற்றி வெட்டினான். முன்பு ஆள் ஏறவே பயந்த இடம் அது.

இருபத்திரண்டாம் நாள், பகல் பதினொரு மணிக்கு, பாரம் முழுக்கச் சுமந்த கீழ்ப்பக்கச் சக்கரம் கழன்றது. அது தனியாக உருண்டுபோய்த் தண்ணீரில் விழுந்தது. டிராக்டர் மூன்று குட்டிக்கரணம் போட்டது. இந்தத் தடவை மச்சினனால் குதிக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் வலது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

விசாரணை ஒரே நாளில் முடிந்தது. தண்ணீரில் விழுந்த சக்கரத்தை யாரும் தேடவில்லை. கண்காணிப்பாளர் காகிதத்தை நீட்டினார். "எங்க எஞ்சினியரே பாத்துக் கையெழுத்துப் போட்டிருக்காரு சார்." விசாரணை அதிகாரி மெக்கானிக் பக்கம் திரும்பி, "நீங்க ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார். கேட்ட குரலில் அவசரமில்லை. உண்மையாகவே பேனாவை மூடாமல் காத்திருந்தார். மெக்கானிக் கண்காணிப்பாளரைப் பார்த்தார்.

"சார் சொன்னதுதான் சார்."

அனுமதித்த உயரத்தைத் தாண்டி ஓட்டியது டிரைவரின் கவனக்குறைவு என்று முடிவாயிற்று. அனுமதித்த உயரம் எது என்பதை விபத்துக்கு மறுநாள்தான் முடிவு செய்தார்கள். மச்சினனுக்கு வேலை போயிற்று.

ஆஸ்பத்திரியில் அவன் போர்வைக்குக் கீழே தட்டையாகக் கிடந்த இடத்தைப் பார்க்காமல் பேசினான். "நான்தான் ஆசைப்பட்டு மேல ஏத்திட்டேன் மாமா. நீங்க சொன்னீங்க, நான் கேக்கல. உங்க பேரைக் கெடுத்துட்டேன்."

மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "நீங்க அவ்வளவு பாத்தும் இப்படி ஆயிடுச்சே. உங்க கையில என்ன இருக்கு?"

மெக்கானிக் ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டே இருந்தார். மூன்று பழம் உரித்துவிட்டார். யாரும் தின்னவில்லை.

அடுத்த மாதம் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. மற்ற பிரிவுகளின் பதினோரு டிராக்டர்களுக்கும் இதே முறையில் சக்கரங்களை அகலப்படுத்த வேண்டும். மேற்பார்வை, நமது மூத்த மெக்கானிக். பதினோரு காகிதங்களும் தயாராகவே வந்திருந்தன. கண்காணிப்பாளர் பேனாவின் மூடியைக் கழற்றிக் கொடுத்தார். "எஞ்சினியரே, உங்களுக்கு நல்ல காலம்தான்."

அன்று மாலை மெக்கானிக் பேசினார். தெளிவாக, ஒரு சொல் பிசகாமல் பேசினார்.

"அந்தச் சக்கரம் மூணு மரையிலதான் நின்னுது. எனக்குத் தெரியும். ஒரு சேருக்கும் ஒரு பேருக்கும் ஆசைப்பட்டு வாயை மூடிக்கிட்டேன். தப்புன்னு தெரிஞ்சும் மேல இருக்கிறவர் மனசு கோணக்கூடாதுன்னு தலையாட்டுறவன், அந்தத் தப்பைத் தன் கையால செஞ்சவன்தான். கையெழுத்துங்கிறது மரியாதை இல்ல. ஒருத்தன் அதை நம்பித்தான் வண்டியில ஏறி உக்காருறான். தெரிஞ்சதைச் சொல்லுங்க. சொல்ல முடியலேன்னா, கையெழுத்தாவது போடாதீங்க."

இதை அவர் சொன்னது ஒர்க்‌ஷாப் கழிவறைக்குள், கதவைத் தாழிட்டுக்கொண்டு, பதினோரு காகிதங்களிலும் கையெழுத்துப் போட்டு முடித்த பிறகு. வெளியே கேட்டுவிடாமல் இருக்கக் குழாயைத் திறந்துவிட்டிருந்தார்.