நாலில் இரண்டு

பள்ளிக்கூடத்துச் சமையலறையில் சோறு வடிக்கும் சரோஜாவுக்குப் பக்கத்து வகுப்பில் நடக்கும் பாடமெல்லாம் காதில் விழும். அன்றைக்குப் பின்னம். மகள் அபிநயா அந்த நாலாம் வகுப்பில்தான் இருந்தாள். அதனால் சரோஜா கொஞ்சம் ஊன்றியே கேட்டாள்.

கவிநிலா டீச்சருக்குப் பாடப்புத்தகத்து ஆப்பிளைக் கண்டாலே ஆகாது. அடி அண்ணாமலை கிராமத்தில் யார் வீட்டில் தினம் ஆப்பிள் வெட்டுகிறார்கள்?

"நேத்து ராத்திரி உங்க வீட்ல சுட்ட அடையோ தோசையோ, மொத்தத்தையும் ஒரு முழுசுன்னு வச்சுக்கோங்க. அதை எத்தனை சம பங்கா வச்சாங்களோ அதைக் கோட்டுக்குக் கீழ எழுதணும். அது பகுதி. நீங்க எத்தனை பங்கு சாப்டீங்களோ அது மேல. அது தொகுதி. பொய் சொல்லக் கூடாது, ஆமா."

பலராமன் முந்திக்கொண்டான். "அஞ்சுல ஒண்ணு டீச்சர்! எங்க அண்ணன் புடுங்கலன்னா."

வகுப்பே சிரித்தது. சரோஜாவும் சிரித்துவிட்டாள்.

அவள் சிரிப்பதே அபூர்வம். போன மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு மகன் எழில் செத்துப்போனான். கருமாதி முடிந்தால் அமாவாசைக்குப் படைத்தால் போதும், தினம் தட்டு வைத்தால் செத்தவர்கள் வீட்டை விட்டுப் போகமாட்டார்கள் என்று தெருவில் சொன்னார்கள். சரோஜாவுக்கு வேண்டியதும் அதுதானே! ராத்திரி அவன் பங்கை அடுப்படியில் வைத்துவிட்டுப் படுப்பாள். விடிந்தால் தட்டு காலி. புருஷன் முருகவேல், "எலிடி" என்பான். எலி என்ன, தட்டைக் கழுவிக் கவிழ்த்தா வைக்கும்? பிள்ளை வருகிறான். அந்த ஒரு நம்பிக்கையில்தான் அவள் எழுந்து நடமாடிக்கொண்டிருந்தாள்.

"அபிநயா, நீ சொல்லு."

"நாலுல ரெண்டு டீச்சர்."

"உங்க வீட்ல மூணு பேர்தானேம்மா?"

"தம்பிக்கு ஒரு பங்கு வைப்பாங்க டீச்சர்."

டீச்சர் குரல் தணிந்தது. "சரிம்மா. கீழ நாலு சரி. மேல ரெண்டு எப்படி வந்துச்சு?"

எழிலின் தட்டைக் காலி செய்வது யாரென்று சரோஜாவுக்கு மட்டும் விளங்கிவிட்டது. கரண்டியைப் போட்டுவிட்டு வகுப்பு வாசலில் போய் நின்றாள். "டீச்சர், அவளைக் கொஞ்சம் அனுப்புங்க."

குழாயடியில் வைத்து அடிக்கத்தான் கை ஓங்கினாள். அபிநயா அழுதுகொண்டே சொன்னாள்.

"மொத நாளு தட்டு அப்படியே இருந்துச்சு. நீ அன்னிக்கு ஒண்ணுமே சாப்பிடலம்மா. அதான் நான்…"

ஓங்கிய கை இறங்கிவிட்டது. மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். "வுடு. இன்னிலேர்ந்து மூணு பங்குதான்."

"வேணாம்மா," என்று பதறினாள் அபிநயா. "அப்புறம் அவன் எங்க உக்காருவான்?"

"யாருடி?"

"தம்பிதான். அவனால சாப்பிட முடியல. எதிர்ல உக்காந்துகினு என்னைச் சாப்பிடச் சொல்றான்."

உச்சி வெயிலில் சரோஜாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. மகள் முகத்தை நிமிர்த்திப் பார்த்தாள். பொய் சொல்லும்போது அபிநயாவுக்கு உதடு கோணும். இப்போது கோணவில்லை. பயப்பட வேண்டியவள்தான், ஆனால் சரோஜாவுக்கு முதலில் வந்தது பொறாமை.

"என்னைக் கேட்டானா?"

"தெனம் கேப்பான். அம்மா சாப்டுச்சான்னு. சாப்டுச்சுன்னு சொன்னாத்தான் எழுந்து போவான்."

சரோஜா உள்ளே போய்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சோறு போட்டாள். அன்றிரவும் அடையை நாலு பங்காகவே வைத்தாள். அவன் போகக் கூடாது. தன் பங்கைத் தொடாமலே விளக்கை அணைத்துவிட்டு, அடுப்படியைப் பார்த்தபடி படுத்துக்கொண்டாள்.