பதினான்கு கட்டில்கள்

நரின் நகர ஆஸ்பத்திரியிலிருந்து மகள் மீரிம் போன் செய்தாள். அவள் பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டதாம். தாய்மாருக்குப் போட்டிருக்கும் கட்டில்தான் முதுகைக் குத்துகிறதாம். போனை வைத்த பிறகு உல்கானுக்குப் பழைய குளிர்காலம் ஒன்று நினைவில் எழுந்தது.

அப்போது மீரிமுக்கு ஐந்து வயது. மஞ்சள் காமாலை. தொற்றுநோய்ப் பிரிவுக்குள் போன பிள்ளை நாற்பது நாள் கழித்துத்தான் வெளியே வரும். பெற்றவர்கள் ஜன்னலுக்கு வெளியே நிற்கலாம், அவ்வளவுதான். உல்கான் பனியில் நின்று கையசைப்பாள், மகள் கண்ணாடியில் முகத்தை அழுத்தி அழுவாள். நீ வந்துபோனால் பிள்ளை சாப்பிடுவதில்லை, வராதே என்று நர்ஸ்கள் சொல்லிவிட்டார்கள்.

ஒன்பதாம் நாள், கணக்கு டீச்சரான உல்கான் பள்ளிக்கு விடுப்பு எழுதிக் கொடுத்தாள். ஆஸ்பத்திரி வாசலில், துப்புரவுக்கு ஆள் தேவை என்று ஒட்டியிருந்த காகிதத்தைக் கிழித்துக்கொண்டு தலைமை மருத்துவர் சாதத் ஒமுரோவ்னாவின் முன்னால் போய் நின்றாள்.

"டீச்சரம்மாவுக்குத் தரை துடைக்கத் தெரியுமா?"

"எங்க வீட்டுத் தரைய யாரு துடைக்கிறாங்கன்னு நினைச்சீங்க?"

சாதத் சிரிக்கவில்லை. "உள்ள வந்துட்டா நீ ஒருத்திக்கு மட்டும் அம்மா இல்ல. பதினாலு கட்டிலும் ஒண்ணுதான். முடியுமா?"

முடியும் என்றாள். ஆனால் மகளைத் தூக்கியதும் பதின்மூன்று பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தன. வேறு வழியில்லாமல் எல்லோரையும் தூக்கினாள். எல்லோருக்கும் தலை வாரினாள், கஞ்சி ஊட்டினாள். இரண்டாம் வாரத்தில் அந்த வார்டே அவளை அம்மா என்றது. மீரிம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"இது எங்க அம்மா. நீங்க உங்க அம்மாவ வரச் சொல்லுங்க."

பக்கத்துக் கட்டில் தெமிர் நிதானமாகச் சொன்னான்: "எங்கம்மா மலை மேல ஆடு பாத்துக்கிட்டிருக்கா. வர்ற வரைக்கும் உங்கம்மாவக் குடேன்."

மீரிம் யோசித்தாள். "சரி. தூங்குறப்ப மட்டும் எனக்கு."

நாற்பதாம் நாள் மீரிம் வீடு திரும்பினாள். உல்கான் மட்டும் தெமிர் குணமாகிப் போகும்வரை, இன்னும் பன்னிரண்டு நாள், வாளியும் துடைப்பமுமாக அங்கேயே இருந்தாள். விடைபெற்றபோது சாதத் நன்றி எதுவும் சொல்லவில்லை. இந்த முறை பிள்ளைகள் நன்றாகச் சாப்பிட்டார்கள் என்று மட்டும் சொன்னார்.

வசந்தத்தில் ஒருநாள் பள்ளிக்குப் போகும் வழியில் உல்கான் அந்த ஜன்னலை எட்டிப் பார்த்தாள். உள்ளே துப்புரவுக்காரிகளின் அங்கியில் நான்கு பெண்கள். ஒருத்தியும் தரை துடைக்கவில்லை. ஒருத்தி மடியில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. தாய்மாரை இப்படி உள்ளே விட சாதத் மேலிடத்தில் யாரையும் கேட்டிருக்கமாட்டார் என்று அவளுக்குத் தெரியும்.

பள்ளி மணி அடித்துவிட்டது. வார்டுக்குள்ளேயே போய்விடலாமா என்று நினைத்தபடி அவள் இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள்.