அணைத்தது யார்?

நான் எலக்ட்ரீஷியன். எல்லா சுவிட்சையும் அணைக்காமல் வீட்டைப் பூட்டமாட்டேன். இஸ்திரிப் பெட்டியை மறந்து கருகிப்போன வீடுகளைக் கண்ணால் பார்த்தவன். 'எல்லாம் அணைத்தாச்சா?' என்று சிவப்பு மையில் எழுதி வாசற்கதவின் உள்பக்கம் ஒட்டியும் வைத்திருக்கிறேன்.

மனைவி ஸ்லோ குக்கர் வாங்கி வந்த நாளிலிருந்து எனக்கு அதைக் கண்டாலே ஆகாது. "அரை மணி நேரத்துல வேகுறத எட்டு மணி நேரம் வேக வைக்க ஒரு மெஷினா? அதுவும் ஆள் இல்லாத வீட்டுல!" என்று குதித்தேன்.

அவள் தையல் ஆலையில் நாள் முழுக்க நின்றபடியே துணி வெட்டுகிறவள். "வீட்டுக்கு வந்து மறுபடி அடுப்பு முன்னால நிக்க என் காலு ஒத்துக்கலங்க" என்றாள். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

என் அக்கா சாப்பிட வருவதாகச் சொன்ன நாள். அக்கா லேசுப்பட்டவள் இல்லை. உப்பு ஒரு கல் குறைந்தாலும் சொந்தம் முழுக்கச் சொல்லிவிடுவாள். மனைவி விடியலிலேயே எழுந்து இறைச்சியும் வெங்காயமும் நறுக்கிக் குக்கரில் போட்டு, குமிழைத் திருப்பிவிட்டு வேலைக்கு ஓடினாள். வீட்டைப் பூட்டியது நான்.

சாயங்காலம் நாலு மணிக்கு ஏணியில் நின்று வயர் இழுக்கும்போதுதான் உறைத்தது. பழக்க தோஷத்தில் சமையலறை சுவிட்சையும் தட்டிவிட்டு வந்திருந்தேன். அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினேன். சட்டி ஜில்லென்று இருந்தது. சுவிட்சைப் போட்டுவிட்டு, பூனை மாதிரி வேலைக்குத் திரும்பினேன்.

இரவு அக்கா ஒரு துண்டைக் கடித்தாள், கடித்தாள், கடைசியில் துப்பினாள். "செருப்பா இது? இந்தக் குக்கர் பொம்மைய நம்பிக் குடும்பம் நடத்துறியா?"

"மன்னிச்சுக்கங்க அண்ணி. எங்க தப்பு பண்ணேன்னே தெரியல" என்றாள் மனைவி. கண் கலங்கியிருந்தது.

சொல்லியிருக்கலாம். ஒரு வரிதான். நானோ, "அப்பவே தலபாடா அடிச்சுக்கிட்டேனே!" என்றேன். சொன்ன நாக்கை அறுத்துப் போடலாம் போலிருந்தது. ஆனாலும் இறைச்சிக்குப் பதிலாக ரொட்டியும் முட்டையும் மூன்று பேருக்கும் சமமாகப் பரிமாறினேன், பெரிய மனுஷன் மாதிரி.

மறுநாளே அவள் குக்கரைக் கீழ்வீட்டுப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, பழையபடி அடுப்பு முன்னால் நின்றாள். ஒரு காலை மாற்றி மறு காலில் நிற்பாள். நான் கூடத்தில் உட்கார்ந்து அதைப் பார்க்காத மாதிரி பார்ப்பேன்.

ஒன்பதாம் நாள் கீழ்வீட்டுப் பெண் ஒரு கிண்ணத்தோடு வந்தாள். "அக்கா, கரண்டி பட்டாலே இறைச்சி உதிருது! இவ்ளோ நல்ல சாமானைப் போய் ஏன் குடுத்தீங்க?"

அவள் போனதும் மனைவி கிண்ணத்தை என் முன்னால் வைத்தாள். நான் மெல்ல வாயைத் திறந்தேன். "அது வந்து... அன்னைக்கு நான்தான்..."

"தெரியும். அன்னைக்குக் கடைசியாப் பூட்டுனது நீங்க. கதவுல ஒட்டியிருக்கற கையெழுத்தும் உங்களோடது."

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"நீங்களாச் சொல்வீங்கன்னு பாத்தேன். இறைச்சிக்கு எட்டு மணி நேரம் போதும். உங்களுக்கு ஒன்பது நாளு ஆச்சு."

கூனிக் குறுகிப்போனேன். கிண்ணத்தைத் தொடவில்லை. போனை எடுத்து அக்காவை அழைத்தேன்.

"என்னடா, அந்தப் பொம்மையத் தூக்கிப் போட்டாளா?" என்றாள் அக்கா, எடுத்த எடுப்பிலேயே.

மனைவி கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். நான் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டேன். அவள் உட்காரவில்லை.

"மொதல்ல சொல்லி முடிங்க" என்றாள்.