பன்னிரண்டு அடி மண்

பிளம்பர் முற்றத்துச் சிமென்டை உடைத்துப் பழைய குழாயை மாற்றிவிட்டு, நாளைக்கே வந்து பூசித் தருவதாகச் சொல்லிப் போய் ஒன்பது நாளாகியிருந்தது. பத்தாம் நாள் காலை, வேலைக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டும்போதுதான் பெரியவள் அந்த இடத்தை நின்று பார்த்தாள். தன் வாசற்படியில் தொடங்கி எதிர் வீட்டு வாசற்படி வரைக்கும் மூன்று அடி அகலத்தில், பன்னிரண்டு அடி நீளத்தில், வெறும் மண். முந்தின நாள் தூறலில் நனைந்து கறுத்திருந்தது. இத்தனை வருஷமாக இதன் மேலேதான் நடந்துகொண்டிருந்தோமா என்று இருந்தது அவளுக்கு. பூசாமல் விட்டால் என்ன, பூச்செடி வைக்கலாமே என்று தோன்றியதும் அப்போதுதான்.

ஆஸ்பத்திரியில் அவளுக்கு எக்ஸ்ரே எடுக்கும் வேலை. ஜன்னல் இல்லாத அறை, ஈயத்தகடு அடித்த கதவு. "மூச்ச இழுங்க, அப்படியே இருங்க, விடுங்க" என்று ஒரு நாளைக்கு அறுபது எழுபது பேருக்குச் சொல்லியாக வேண்டும். வெளியே மழையா வெயிலா என்பதை, வருகிறவர்களின் சட்டையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள். அன்று மதியம், பழைய படம் ஒன்று வைத்திருந்த பெரிய காகித உறையின் பின்பக்கத்தில் நீளமாக ஒரு கட்டம் போட்டாள். ரோஜா, சாமந்தி, காசித்தும்பை என்று எழுதினாள். எழுதி முடித்ததும் கை நின்றுவிட்டது. கட்டத்தில் பாதி அவளுடையது அல்ல.

எதிர் வீட்டில் இருப்பது கொழுந்தனின் மனைவி. குடும்பத்துக்குள் வந்த நாளிலிருந்து இருவருக்கும் பெரியவள், சின்னவள் என்பதே பெயராகிப் போயிருந்தது. சொந்தப் பெயர்கள் வேலை பார்க்கும் இடத்தில் மட்டும் புழங்கின. சின்னவள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். கொழுந்தன் கப்பலில் வேலை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருகிறவன். மாமியார் உயிரோடு இருந்தவரை இரண்டு வீட்டுக்கும் பொது: இங்கே சாப்பாடு, அங்கே தூக்கம். அவருக்கு வந்த இருமல் நிற்காமல் போய், நெஞ்சில் கட்டி என்று கண்டுபிடித்தபோது எல்லாம் கைமீறிப் போயிருந்தது. அடக்கம் முடிந்து திரும்பிய அன்று, உறவுக்காரர்கள் நிறைந்திருந்த கூடத்தில், சின்னவள் யாரையும் பார்க்காமல் சொன்னாள்: "ஊர்ல இருக்கிறவங்க நெஞ்சையெல்லாம் படம் புடிக்கிறாங்க. வீட்ல ஒருத்தங்க இருமினது மட்டும் காதுல விழல."

அன்றோடு பேச்சு நின்றது. இரண்டு வருஷம். ஒருத்தி துணி காயப்போட வந்தால் இன்னொருத்தி உள்ளே போய்விடுவாள்.

தோட்டம் என்றதும் அவள் கணவர் சிரித்தார். அச்சகத்தில் இயந்திரம் ஓட்டுகிற மனிதர்; நாள் முழுக்க இரைச்சலில் இருப்பதால் வீட்டில் மெதுவாகத்தான் பேசுவார். வாங்கி வந்த ஒரே தொட்டிச் செடியையும் தண்ணீர் ஊற்றாமல் சாகடித்தவள் நீ என்று ஞாபகப்படுத்தினார். தம்பி பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்கள் என்றதற்கு, உங்கள் இருவருக்கும் நடுவில் தலையைக் கொடுக்க என்னால் ஆகாது என்று பேப்பரை விரித்துக்கொண்டார்.

முதலில் வெயிலைப் பார்க்க வேண்டும் என்று ஆஸ்பத்திரித் தோட்டக்காரர் சொல்லியிருந்தார். பெரியவள் ஒரு சாக்பீஸ் வாங்கி வந்தாள். காலை ஏழு மணிக்கு வெயில் எங்கே விழுகிறதோ அங்கே, மண்ணை ஒட்டிய சிமென்டில் ஒரு கோடு, பக்கத்தில் 7. பிறகு 8. கிளம்பும்போது 8.30. நான்கு நாள் இப்படிப் பார்த்ததில் ஒரே விஷயம்தான் திரும்பத் திரும்பத் தெரிந்தது: வெயில் முழுக்கச் சின்னவள் பக்கம். தன் படி ஓரத்தில் நிழல், அசையாத நிழல். அவள் வீடு திரும்பும்போது மணி ஆறாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்றால் அன்றைக்கென்று வானம் மூடிக்கொண்டது. செடி வைத்தால் அந்தப் பக்கம்தான் வைக்க வேண்டும். வைக்க வேண்டுமானால் கேட்க வேண்டும். உறையை மடித்து அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டாள். பிளம்பருக்கு போன் செய்து பூசச் சொல்லிவிடலாம் என்றுகூட நினைத்தாள்.

திங்கட்கிழமை மாலை படியேறப் போனவள் குனிந்து பார்த்தாள். தன் பக்கத்துச் சிமென்டில், தான் போடாத கோடுகள். 12. 1. 2. 2.45. கடைசிக் கோட்டுக்குப் பக்கத்தில், வலது பக்கம் சாயும் எழுத்தில்: 'இதுக்கு மேல வேன் எடுக்கப் போயிட்டேன். அஞ்சுக்கு வந்தப்ப வெயில் இல்ல.' கோடுகள் எல்லாம் பெரியவளின் படிக்கு நெருக்கமாகவே இருந்தன. மத்தியானம் வெயில் அவள் பக்கம் வந்துவிடுகிறது. அதைப் பார்க்கத்தான் அவள் வீட்டில் இருப்பதில்லை. அந்த எழுத்து அவளுக்குப் பழக்கமானது. ஒரே அடுப்பாக இருந்த காலத்தில் கடைக்குப் போக அதே எழுத்தில்தான் சீட்டு வரும்.

பை தோளில் தொங்க அங்கேயே நின்றாள். இனி யாரையும் கேட்க வேண்டியதில்லை. தன் ஆறடியில் தன் செடியை வைத்துக்கொண்டு சும்மா இருக்கலாம். என்னிடம் கேட்கும் சங்கடம் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் சின்னவளும் சொல்லாமல் சொல்லியிருக்கிறாள். அப்படி இருந்துவிட அவளுக்கு மனம் வரவில்லை. வீட்டுக்குள் போகாமல், உடைந்த சிமென்டைத் தாண்டி எதிர் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

சின்னவள் கதவைத் திறந்தாள். வேன் கழுவிய ஈரக் கை. உள்ளே வாங்க என்றும் சொல்லவில்லை, கதவைச் சாத்தவுமில்லை.

பெரியவள் மனதில் வைத்திருந்தது செடிகளைப் பற்றிய பேச்சு. வாயில் வந்தது வேறு.

"அந்த இருமல் என் காதுல விழுந்துச்சு. சாப்பிடும்போதெல்லாம் விழுந்துச்சு. லீவு நாள்ல கூட்டிட்டுப் போகலாம்னு நெனச்சேன். நாலு லீவு போயிடுச்சு."

சின்னவள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள். ஈரக் கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"ராத்திரி எங்க வீட்லதானக்கா படுத்திருந்தாங்க," என்றாள். "உங்களவிட நான்தான் அதிகம் கேட்டேன். தூக்கம் கெடுதுன்னு கதவச் சாத்திட்டுப் படுத்திருக்கேன். அத யார்கிட்ட சொல்றது? உங்க மேல போட்டாத்தான் என்னால நிக்க முடியும்னு இருந்துச்சு, போட்டுட்டேன்."

பிறகு இருவரும் நிலைப்படியிலேயே உட்கார்ந்தார்கள். அழுதார்களா என்று கேட்டால், கொஞ்சம். பெரியவளின் கணவர் ஜன்னலில் வந்து பார்த்துவிட்டு, வந்த சுவடு தெரியாமல் உள்ளே போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உறை மறுபடி வெளியே வந்தது. பெரியவள் போட்டிருந்த கட்டத்தைச் சின்னவள் பார்த்து, எல்லாமே வரிசையாக ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருக்கிறதே என்றாள். பெரியவளும் சிரித்துவிட்டாள். காலை வேன் முடித்து வந்து உட்காரும் நேரத்துக்குப் பத்துமணிப் பூ வேண்டும் என்றாள் சின்னவள்; அது அவள் படியோரம். ஆறு மணிக்கு அலுத்து வருகிறவளுக்கு அந்திமந்தாரை. அது பெரியவள் படியோரம். நடுவில் ரோஜா. அது யாருடையது என்பதை எழுதாமல் விட்டார்கள். சாமந்திக்கு இடம் போதாது என்று சின்னவளும், நெருக்கி வைத்தால் போதும் என்று பெரியவளும் அரை மணி நேரம் வாதாடினார்கள். இரண்டு வருஷத்துப் பேச்சை அதில் ஈடுகட்டினார்கள்.

மண் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ஒரு சாண் தோண்டுவதற்குள் செங்கல் துண்டும் காரைக் கட்டியும் கூடை கூடையாக வந்தன. கொத்திப் போட்டுக் கட்டி உடைத்ததில் பெரியவளுக்கு உள்ளங்கை கொப்புளித்தது. திங்களன்று நோயாளிகளின் தோளைத் திருப்பி நிறுத்தும்போது எரிந்தது, ஆனால் யாரிடமும் குறைப்பட்டுக்கொள்ளத் தோன்றவில்லை. மாட்டுப் பண்ணையிலிருந்து நான்கு மூட்டை எரு பள்ளிக்கூட வேனில் வந்து சேர்ந்தது. இரண்டு நாள் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு பயணம் செய்தார்கள். எருவைக் கலந்து, விதைகளைத் தூவி, ரோஜா நாற்று இரண்டை நட்டு, கயிறு கட்டி முடித்த அன்றைக்குப் பார்த்து, தோளில் சிமென்டு மூட்டையுடன் பிளம்பர் வந்து நின்றார். நாளைக்கு வருவதாகச் சொன்னீர்களே, அந்த நாளை மூன்று வாரத்துக்கு முன்பே போய்விட்டது என்று சின்னவள் அவரைத் திருப்பி அனுப்பினாள். அவர் போகும்போது தன் குழாயின் மேல் ரொம்ப ஆழமாகத் தோண்டிவிடாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

ரோஜாவில் ஒன்று நான்காம் நாளே வாடி, காம்பு கறுத்தது. பெரியவள் முகம் சுருங்கிவிட்டது. தன் கைராசி அப்படித்தான் என்றாள். இன்னொன்று நிற்கிறதே, அதைப் பாருங்கள் என்றாள் சின்னவள்.

எட்டாம் நாள் காலை சின்னவள் கூப்பிட்டாள். சத்தமாக அல்ல, குழந்தை தூங்கும் வீட்டில் கூப்பிடுவது போல. பெரியவள் ஆஸ்பத்திரிச் சீருடையிலேயே ஓடி வந்து பக்கத்தில் குந்தினாள். விதை தூவாத ஓர் இடத்தில், மண்ணில் வெடிப்பு. வெளிறிய பச்சையில் ஒரு தண்டு, முதுகை வளைத்து, தலையை இன்னும் வெளியே எடுக்காமல், தன்னைவிடப் பெரிய ஒரு மண்கட்டியைத் தூக்கிக்கொண்டிருந்தது.

"நாம இங்க எதுவும் போடலையே," என்றாள் பெரியவள்.

"களையா இருக்குமோ?"

தெரியவில்லை. பிடுங்க இருவரும் கை நீட்டவும் இல்லை. தெருவில் வேன் உறுமிக்கொண்டு நின்றது, ஆஸ்பத்திரி பஸ்ஸுக்கும் நேரமாகிவிட்டது. இருவரும் முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தியபடியே இருந்தார்கள். மண்கட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து, விழாமல், நடுங்கிக்கொண்டிருந்தது.