கோல்கீப்பர் சித்தப்பா

கார்டன் ரீச் ரயில்வே அலுவலகத்தில் முப்பத்தாறு வருடம் கோப்பு பார்த்து ஓய்வு பெற்ற சௌந்தரராஜனுக்குக் குடும்பத்தில் 'கோல்கீப்பர் சித்தப்பா' என்றுதான் பெயர். எழுபத்து நாலாம் வருடம், அலுவலகங்களுக்கு இடையே நடந்த கால்பந்து ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் அவர் ஒரு பெனால்டியைப் பாய்ந்து பிடித்த கதையைக் கேட்காமல் அந்தக் குடும்பத்தில் ஒரு குழந்தையும் சோறு தின்றதில்லை.

ஜனவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, டாக்குரியா ஏரிக்குப் பக்கத்தில் வாடகைக்கு எடுத்த ஹாலில் குடும்பம் முழுவதும் கூடியிருந்தது. நியூ டவுனில் வேலை பார்க்கும் அண்ணன் மகள் மதுவந்தி மூன்று மாதம் வீடு வீடாக ஏறி இறங்கி, பழைய படங்களையும் கடிதங்களையும் திரட்டி நீளச் சுவர் முழுக்க ஒட்டியிருந்தாள். சௌந்தரராஜன் மேற்பார்வை பார்க்க வந்த அதிகாரி போலக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். அப்பாவின் வேலை உத்தரவு. இந்த ஊருக்கு வந்த புதிதில் அம்மா வங்காள எழுத்துப் பழகிய நோட்டு, ஒவ்வொரு எழுத்துக்கும் பக்கத்தில் அவளுக்கு வரையத் தெரிந்த ஒரே படமான கத்தரிக்காய். ரசித்துக்கொண்டே வந்தவர் மூன்றாவது பலகைக்கு எதிரே நின்றுவிட்டார்.

அலுவலக அணியின் படம். பதினோரு பேரும் இரண்டு வரிசையாக ஜெர்சியில் இருந்தார்கள். ஓரத்தில், பேன்ட் சட்டையில், பன்னிரண்டாவதாக அவர். இரண்டு கைகளிலும் முழங்கை வரை கைக்கடிகாரங்கள். ஆடுகிறவர்கள் கழற்றிக் கொடுத்தவை.

கார்டன் ரீச் குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோதே தொலைந்துவிட்டதாக அவர் நிம்மதியடைந்த படம் அது. கீழே மதுவந்தி ஓர் அட்டையில் எழுதியிருந்தாள்: 'இதில் நம் கோல்கீப்பர் யார்? கண்டுபிடியுங்கள்!'

சௌந்தரராஜன் இருபுறமும் பார்த்தார். பிறகு திரும்பி, படம் முதுகுக்குப் பின்னால் மறையும்படி நின்றுகொண்டார். அரை மணி நேரம் நகரவில்லை. வந்தவர்கள் நமஸ்காரம் செய்ததையும் அங்கேயே வாங்கிக்கொண்டார்.

மனைவி ஆண்டாள் வந்தாள். "ஏன்னா, பொங்கல் ஆறிண்டிருக்கு. சுவர் விழுந்துடும்னு முட்டுக் குடுத்திண்டிருக்கேளா?"

"இங்கே காத்து நன்னா வரது."

"ஜனவரியிலயா?"

அதற்குள் மதுவந்தியும் வந்துவிட்டாள். "சித்தப்பா, உங்களைப் பார்க்கத்தான் எல்லாரும் க்யூவில நிக்கறா. நீங்களே மறைச்சா எப்படி?" என்று அவர் கையைப் பிடித்து உரிமையோடு இழுத்தாள்.

படம் வெளியே வந்தது. பத்துப் பதினைந்து தலைகள் குனிந்தன. யாரோ, "சித்தப்பா, உங்க ஜெர்சி எங்கே?" என்று கேட்டார்கள். ஐம்பது வருடமாகத் தடையில்லாமல் கதை சொன்னவர் மறுபடியும் படத்தை மறைக்க ஓர் அடி நகர்ந்தார்.

"நான் சொல்றேன்" என்றாள் ஆண்டாள். "எங்க அப்பாவும் அதே ஆபீஸ். அக்காவும் நானும் கோல் கம்பத்துக்குப் பின்னாடி உக்காந்து பாத்துண்டிருந்தோம். நம்மவா ஒரு கோல் முன்னால. எதிராளி விடாம அடிச்சிண்டிருக்கான். ஒத்தை ரெஃப்ரி, அவர் வாட்ச் நின்னு போச்சு. ஓடி வந்து இவர்கிட்ட மணி கேட்டார். இவர் கையில ஒன்பது வாட்ச், ஒன்பதும் ஒன்பது விதமா மணி காட்டறது. இவர் நிதானமா ஒண்ணொண்ணா பாத்தார். எது ரொம்ப வேகமா ஓடித்தோ அதை நீட்டி, 'டைம் ஆயிடுத்து சார்'னார். ரெஃப்ரி விசில் ஊதிட்டார்!"

சிரிப்பில் ஹால் அதிர்ந்தது. "அப்போ கப் ஜெயிச்சுக் குடுத்தது நீங்கதானா?" என்று மதுவந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஆறு நிமிஷம் பாக்கி இருந்தது" என்றார் சௌந்தரராஜன் மெல்ல. அதை அவர் யாரிடமும் சொன்னதே இல்லை. சொன்னதும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு யார் யார் வந்தார்களோ அவர்களுக்கெல்லாம் அந்த ஆறு நிமிடத்தைச் சொல்ல வேண்டியதாயிற்று. நாலாவது தடவை சொல்லும்போது எந்த வாட்ச் யாருடையது என்பதெல்லாம் நினைவுக்கு வந்திருந்தது.

சாப்பாட்டுப் பந்தியில் ஆண்டாள் பக்கத்தில் உட்கார்ந்ததும் தணிந்த குரலில் கேட்டார். "படத்தை நீதானே குடுத்தே?"

"பின்னே யாரு?"

"எல்லாம் தெரிஞ்சும் இத்தனை வருஷமா ஏன் ஒரு வார்த்தை சொல்லலே?"

"வருஷா வருஷம் அந்தப் பந்து இன்னும் கொஞ்சம் வேகமா வந்திண்டே இருந்தது. எதுவரைக்கும் போறதுன்னு பாக்கலாம்னு இருந்தேன்" என்றாள் ஆண்டாள். "போன தீபாவளிக்குச் சொன்னப்போ, நீங்க பந்தைப் பிடிச்சும் அது வந்த காத்துலயே வலை கிழிஞ்சுடுத்துன்னேள். அதுக்கு மேல தாங்காதுன்னு தோணித்து."

சௌந்தரராஜன் தன் இலையில் இருந்த அப்பளத்தை எடுத்து அவள் இலையில் வைத்தார்.