‘இன்டிஸ்பென்சபிள்’: சொந்த வாக்கியத்தில் அமைத்து எழுதுக

1

இதனால் சகல வாசகப் பெருமக்களுக்கும் அறிவிப்பது யாதெனில்: செஞ்சியின் வரலாற்றில் கோட்டை கட்டப்பட்டதற்கு அடுத்த மாபெரும் நிகழ்வு, சென்ற ஆண்டு ஆடி மாதம் ஒரு காலை ஆறு மணிக்கு நடந்தது. அன்றுதான் ‘செஞ்சி உயர்தர ஆங்கிலச் சொல்வள மன்றம்’ என்ற வாட்ஸப் குழு தொடங்கப்பட்டது. அதன் விளைவுகளை உலகம் இன்னும் முழுமையாக உணரவில்லை. உணரும் என்ற நம்பிக்கை எனக்கும் இல்லை.

நிறுவனர், இன்சூரன்ஸ் ஏஜென்ட் செந்தமிழன். (பெயரை நான் வைக்கவில்லை. ஆங்கில மன்றம் நடத்துகிறவருக்கு இப்படிப் பெயர் வைக்கக் கதை எழுதுகிறவன் துணிய மாட்டான். அவருடைய அப்பா துணிந்துவிட்டார்.) கோட்டைக்கு உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் கிடைத்த வாரம் அவருக்குத் தூக்கம் போயிற்று. இனி வெள்ளைக்காரர்கள் சாரைசாரையாக வருவார்கள். அவர்களிடம் ‘குட் மார்னிங்’கோடு நின்றுவிட்டால் ஊர் மானம் என்னாவது?

இதுவரை என்னிடம் பேசிய வெள்ளைக்காரர்கள் இரண்டு பேர். இருவரும் கழிப்பறை எங்கே என்று கேட்டார்கள். உயர்தரச் சொல் எதுவும் தேவைப்படவில்லை. கைகாட்டினேன்.

என் பெயர் தங்கராசு. பெரிய மனிதர்களைக் கிண்டல் செய்து ஒரு வாரப் பத்திரிகையில் எழுதிப் பிழைக்கிறேன். குழுவில் சேர்ந்தது ஆங்கிலம் கற்க அல்ல, சரக்குப் பொறுக்க. இந்தக் கதையும் அப்படிப் பொறுக்கியதுதான். முதலிலேயே ஒப்புக்கொண்டால் பிறகு திட்ட வருகிறவர்களுக்கு வேலை குறையும்.

2

விதிகளைச் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் பொறுமை வேண்டும்; கதை இவற்றின் மேல்தான் நிற்கிறது.

தினமும் காலை ஆறு மணிக்கு செந்தமிழன் ஒரு கடினமான சொல்லைப் பொருளோடு போடுவார். அதை வைத்து ஆளுக்கொரு வாக்கியம் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். வாக்கியம் உண்மையாக இருக்க வேண்டும். எழுதுகிறவரின் சொந்த வாழ்க்கையிலிருந்து வர வேண்டும். ‘ராமு மாம்பழம் தின்றான்’ செல்லாது. உண்மையில் ஊறிய சொல்தான் மண்டையில் நிற்குமாம். ஐந்து நாள் ஆளுமை வளர்ச்சி முகாம் ஒன்றில் அவர் பெற்ற ஞானம் இது.

மூன்றாவது வாரமே உண்மை தன் வேலையைக் காட்டியது. அன்றைய சொல் ‘அவரீஷியஸ்’: பேராசை பிடித்த. அரசு பஸ் கண்டக்டர் தேவேந்திரன், ‘என் மச்சான் அவரீஷியஸ்’ என்று எழுதினார். மச்சானும் குழுவில் இருந்தார். ஐந்தாவது நிமிடம் அவருடைய குரல் வந்தது:

“இன்னா மாமா, நான் அவரீஷியஸா? எங்கக்காவப் பொண்ணு பாக்க வந்தப்ப மூணு தட்டு பஜ்ஜி துன்னது யாரு?”

பஜ்ஜி தின்றதற்கு சாட்சிகளும் குழுவில் இருந்தார்கள். அன்று மாலைக்குள் பதினெட்டு பேர் வெளியேறினார்கள். அதன் பிறகுதான் ஆறாவது விதி வந்தது: வாக்கியத்தில் உள்ள விஷயத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது. சொல் சரியாகப் பயன்பட்டிருக்கிறதா, அதை மட்டும் பார்க்க வேண்டும்.

அறுபத்தோரு பேரோடு தொடங்கிய மன்றத்தில் இப்போது நான்கு பேர். செந்தமிழன், தேவேந்திரன், நான், அப்புறம் ஹுசைன் பாய்.

3

கதை ஹுசைன் பாயைப் பற்றியது. எப்படித் தொடங்குவது என்று நான் பட்ட பாட்டையும் பார்த்துவிடுங்கள்.

தொடக்கம் அ: ‘ராஜகிரியின் உச்சியில் கதிரவன் தன் பொற்கரங்களை’

வேண்டாம். செஞ்சியைப் பற்றி எழுதுகிறவர்கள் முதல் வரியிலேயே மலை ஏறிவிடுகிறார்கள். அப்புறம் இறங்க வழி தெரியாமல் மூன்று பக்கத்துக்கு மூச்சு வாங்குகிறார்கள். பாய் கோட்டைக்குப் போய் இருபது வருடமாகிறது.

தொடக்கம் ஆ: ‘தனிமை என்பது ஒரு’

அடித்துவிட்டேன். இந்த வாக்கியத்தைத் தொடங்கிய யாரும் உருப்படியாக முடித்து நான் பார்த்ததில்லை.

தொடக்கம் இ: ‘ஹுசைன், வயது ஐம்பத்தெட்டு, திண்டிவனம் சாலையில் ஓர் எடைமேடையில் வேலை பார்க்கிறார்.’

இது பரவாயில்லை. லாரி இரும்புத் தளத்தில் ஏறி நிற்கும். கூண்டுக்குள் சிவப்பில் எண் ஒளிரும். பாய் சீட்டு அடித்து ஜன்னல் வழியாக நீட்டுவார். சரக்கோடு ஒருமுறை, காலியாக ஒருமுறை. கழித்தால் சரக்கின் எடை. டிரைவர்கள் இறங்குவதில்லை, கையை மட்டும் நீட்டுவார்கள். ஒரு நாளைக்கு அறுபது கை பார்ப்பார் பாய். முகம் நான்கைந்து.

மகன் சவூதியில், தம்மாமில். மகள் பர்வின் பெங்களூரில், முதல் பிரசவத்துக்குக் காத்திருக்கிறாள். பாயின் மனைவி அசீசுன்னிசா அங்கே போய் மூன்று மாதமாகிறது.

4

பாய் எழுதிய வாக்கியங்களில் சிலவற்றைத் தமிழில் தருகிறேன். அன்றன்றைய சொல்லை மட்டும் அப்படியே விட்டிருக்கிறேன்.

‘டாசிட்டர்ன்’: அதிகம் பேசாத. ‘எங்கள் எடை மெஷின் டாசிட்டர்ன், ஆனால் பொய் சொல்லாது.’ செந்தமிழன், சபாஷ் என்றார்.

‘சூப்பர்ஃப்ளுவஸ்’: தேவைக்கு மிஞ்சிய. ‘என் வீட்டில் ஐந்து நாற்காலிகள், நான்கு சூப்பர்ஃப்ளுவஸ்.’ சபாஷ். நான் கட்டைவிரலை உயர்த்தும் படம் ஒன்றைப் போட்டேன்.

‘சர்ரெப்டிஷியஸ்’: பிறர் அறியாமல் மறைத்துச் செய்யும். ‘மனைவியோடு வீடியோ காலில் பேசும்போது என் கழுத்துக் கட்டியைக் காலரால் மூடிக்கொள்ளும் சர்ரெப்டிஷியஸ் பழக்கம் எனக்கு வந்துவிட்டது.’ இவ்வளவு நீண்ட வாக்கியம் மன்ற வரலாற்றிலேயே இல்லை என்று செந்தமிழன் பாராட்டினார். கட்டைவிரல்.

ஞாயிற்றுக்கிழமை வந்த சொல் ‘இன்டிஸ்பென்சபிள்’: இல்லாமல் முடியாத. தேவேந்திரன் ‘கண்டக்டருக்கு விசில் இன்டிஸ்பென்சபிள்’ என்றார். பாய் எழுதியது இது:

‘புதன்கிழமை புதுச்சேரி ஆஸ்பத்திரியில் என் கட்டியை அறுத்து டெஸ்டுக்கு அனுப்புகிறார்கள்; கையெழுத்துப் போட, கூட ஓர் ஆள் இன்டிஸ்பென்சபிள்; ஆள் இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்களாம்.’

செந்தமிழன்: பர்ஃபெக்ட்.

தேவேந்திரன்: மூன்று கைதட்டல்.

நான்: கட்டைவிரல்.

விரலைப் போட்டுவிட்டுப் பல் துலக்கப் போனேன். பாதிப் பல்லில்தான், நான் படித்தது பயிற்சி வாக்கியம் இல்லை என்று உறைத்தது. வாயில் நுரையோடு ஓடிவந்து பாய்க்குப் போன் செய்தேன் என்று இந்த இடத்தில் எழுதினால் என்மேல் உங்களுக்கு மரியாதை வரும். நான் நிதானமாகக் கொப்பளித்தேன். நோட்டை எடுத்தேன். ‘கதை’ என்று எழுதி அடிக்கோடிட்டேன்.

5

கதாசிரியன் என்ற முறையில் மற்றப் பாத்திரங்களை விசாரிக்க வேண்டியிருந்தது. செந்தமிழனுக்குப் போன் போட்டேன்.

“அண்ணே, பாய் எழுதினதப் பார்த்தீங்களா?”

“பார்த்தேன் தங்கராசு. செமிகோலன் பாத்தியா? ரெண்டு எடத்துல! இந்த ஊர்ல செமிகோலன் போட எத்தினி பேருக்கு வரும் சொல்லு?”

“விஷயத்தச் சொல்றேன் அண்ணே.”

“விஷயத்துக்குள்ள நாம போகக் கூடாது. ஆறாவது ரூல் இருக்குது இல்ல? போட்ட நானே மீறினா மன்றம் இன்னாத்துக்கு?” குரல் இறங்கியது. “ஆள் வேணும்னா வாயத் தொறந்து கேட்டிருப்பாரு. கேக்கல இல்ல?”

தேவேந்திரன் நேராகவே பேசினார்.

“புதன்கிழமை அமாவாசை சார். மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ்ஸுல டூட்டி. அங்காளம்மனே வந்து சொன்னாலும் எனக்கு லீவு குடுக்க மாட்டாங்க. ஆமா, நீங்க ஊட்லதானே இருக்கிறீங்க?”

நான் பாத்திரங்களை விசாரிக்கலாம். பாத்திரங்கள் என்னை விசாரிப்பது மரபு அல்ல. போனை வைத்துவிட்டேன்.

[அடிக்குறிப்பு: ஆம், வீட்டில்தான் இருக்கிறேன். என் வீட்டில் நாற்காலிகள் இரண்டு. ஒன்றில் பழைய பத்திரிகைகள் உட்கார்ந்திருக்கின்றன. என் மனைவி மங்கை போய் ஏழு வருடம் ஆகிறது, அவள் போனபோது நான்

இந்த வாக்கியம் கதைக்குத் தேவையில்லை.]

6

திங்கள் மதியம் எடைமேடைக்குப் போனேன். கழுத்தில் உண்மையிலேயே கட்டி இருக்கிறதா, அல்லது வாக்கியத்துக்காக வளர்த்ததா என்று எனக்குள் ஒரு சந்தேகம். நாற்பது பேரைக் கிண்டல் செய்து எழுதியவனுக்கு நாற்பத்தோராவது ஆளை நம்புவது கடினம்.

“வாங்க தங்கராசு சார்! இன்னா இந்தப் பக்கம்?” இருந்த ஒரே ஸ்டூலைத் துண்டால் தட்டி என் பக்கம் தள்ளினார். வெயிலில் கூண்டு தகித்தது. சட்டையின் கழுத்துப் பொத்தான்வரை போட்டிருந்தார்.

“சும்மாதான் பாய்.”

“எடமேடைக்கு யாரு சார் சும்மா வர்றாங்க? நெல்லு ஏத்திக்கினு வந்தீங்களா?”

சிரித்தார். சிரித்தபோது காலர் விலகியது. எலுமிச்சை அளவு. கதாசிரியனின் சந்தேகம் தீர்ந்தது.

மேஜையில், பாழான எடைச் சீட்டுகளைக் குத்திச் சேர்த்த ஒரு கட்டு. அவற்றின் முதுகில் வரிசையாகச் சொற்கள். ஒரு டிராக்டர் வந்தது. ஒரு கை நீண்டது. சீட்டை வாங்கிக்கொண்டு போனது.

“பாய், ஒண்ணு கேக்கட்டா? ஞாயித்துக்கிழமை எழுதினீங்களே, அத நேரா தமிழ்ல எங்க யார்கிட்டயாவது சொல்லியிருக்கலாம் இல்ல?”

பாய் சிவப்பு எண்ணையே பார்த்தார். அது பூஜ்யத்தில் நின்றிருந்தது.

“தமிழ்ல சொன்னா கேக்குற மாதிரி இருக்கும் சார். இங்கிலீஷ்ல எழுதினா பாடம் மாதிரி இருக்குது.”

“வீட்டுல?”

“பர்வினுக்கு ஒம்பதாம் மாசம். சொன்னா அவங்கம்மா அடுத்த பஸ்ல வந்து எறங்கிடுவா. புள்ளைய யாரு பாக்கறது? வேணாம்.”

“புதன்கிழமை எத்தனை மணிக்குப் பஸ்?”

“அஞ்சே முக்காலுக்கு. ஏன் சார்?”

அந்த ‘ஏன் சார்’ என்ற கேள்விக்காக முழு உடம்பையும் என் பக்கம் திருப்பினார். ஸ்டூலுக்கும் அவருக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி. நான் சொல்ல வேண்டியது இரண்டே சொல். இரண்டும் தமிழ்ச் சொல்தான், ‘நான் வரேன்.’ ஆங்கிலத்தில்கூட அது உயர்தரம் ஆகாது.

“இல்ல பாய், ஒரு கதை எழுதிக்கிட்டு இருக்கேன். டைம் சரியா இருந்தாதான் நம்புவாங்க.”

“ஓ. கதைக்கா.” திரும்பி எண்ணைப் பார்த்தார். பிறகு எனக்கு உதவுகிற அக்கறையோடு சொன்னார்:

“அப்ப அஞ்சு நாப்பதுன்னே போட்டுக்குங்க சார். அந்த டிரைவர் அஞ்சு நிமிஷம் முன்னாடியே எடுத்துடுவான்.”

7

முடிவு ஒன்று: பஸ் ஸ்டாண்டு. ஐந்தரை மணி. கையில் பிளாஸ்க்கோடு நான் நிற்கிறேன். பாய் என்னைப் பார்த்ததும் பஸ்ஸில் ஜன்னல் ஓரத்தை எனக்கு விடுகிறார்.

எழுதும்போதே எனக்குக் கண் கலங்கிவிட்டது, என் நல்ல மனத்தை நினைத்து. அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: செந்தமிழன் ஆறாவது விதியைத் தளர்த்தி, சொல்வள மன்றத்தின் முன்னாள் உறுப்பினர்கள் அனைவரையும் திரட்டி, பேனரோடும் பொன்னாடையோடும் வந்து பாயை வழியனுப்புகிறார். போட்டோகிராபர் தாமதமானதால் பஸ் போய்விடுகிறது.

இது என் பத்திரிகைக்குச் சரி. இந்தக் கதைக்குச் சரியில்லை.

முடிவு மூன்று: பாய் தனியாகப் போகிறார். வரிசையில் நிற்கிறார். அவர் முறை வருகிறது. நர்ஸ் தாளை நகர்த்தி, “கூட வந்தது யாருங்க?” என்கிறார். பாய் திரும்பித் தன் பின்னால் பார்க்கிறார்.

இங்கே நின்றுவிட்டது. பின்னால் யாரும் இல்லை என்று தெரிந்தும் திரும்பிப் பார்க்கிறாரே, அந்தப் பார்வைக்கு ஒரு சொல் வேண்டும். தமிழில் தேடினேன். மன்றத்தின் முன்னூற்றுச் சொச்சம் சொற்களையும் ஒவ்வொன்றாகப் புரட்டினேன். அகராதியை எடுத்தேன். அகப்படவில்லை.

8

ஆகவே வாசகரே, முடிவை உங்களிடம் ஒப்படைக்கிறேன். நீங்கள் என்னைவிட நல்லவர். இவ்வளவு தூரம் படித்ததே அதற்குச் சாட்சி.

செஞ்சி பஸ் ஸ்டாண்டு. புதன்கிழமை காலை ஐந்து நாற்பது. புதுச்சேரி பஸ். கழுத்துப் பொத்தான்வரை போட்ட சட்டை. கையில் ஒரு மஞ்சள் பை. பக்கத்து இருக்கையில் போய் உட்காருங்கள். பேச வேண்டியதில்லை, ஆள் டாசிட்டர்ன். கேட்கிற இடத்தில் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். நானே போயிருப்பேன். கதையில் ஒரு சொல் பாக்கி இருந்தது.

இன்று வியாழக்கிழமை.