காது கம்பெனியோடதும்மா

தூத்துக்குடியில் கதைக்குச் சந்தா சேருகிறவர்கள் வலது காதைக் கழற்றி முத்துமேடை கம்பெனியில் கொடுத்துவிட்டு, இடது காதோடு வேலைக்குப் போவார்கள். ஜெசிந்தா காலையில் வந்து தன் அலமாரிக் காதுகளுக்கு நண்டுக் கதை சொல்வாள். காதுக்காரர்கள் எங்கே இருந்தாலும் சிரிப்பார்கள். பத்துச் சிரிப்பில் ஏழு அவளுக்கு, மூன்று கம்பெனிக்கு. அதனால் மேனேஜர் பொன்பாண்டி எழவு வீட்டிலும் சிரிப்பார். யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

திடீரென்று கம்பெனி பூனைக் கதைகளை முன்னுக்குக் கொண்டுவந்தது. ஜெசிந்தாவின் காதுகள் ஜெனரேட்டர் ரூமுக்குப் போயின. கதையில் நண்டு மணமேடையில் உட்கார்ந்தாயிற்று. மாப்பிள்ளை யார் என்று தொண்டை கிழியக் கத்தியும் ஒரு காதுக்கும் எட்டவில்லை.

"என் காதுகளைக் குடுங்க சார். நான் போறேன்."

"கதை உன்னோடது, தாராளமா எடுத்துட்டுப் போ. காது கம்பெனியோடதும்மா" என்று பொன்பாண்டி சிரித்தார். சிரித்தது அவள் சிரிப்பு.

பக்கத்து வீட்டு இசக்கியம்மாள்தான் வழி சொன்னாள். "காது அவங்கவங்களோடதுட்டி. அவங்களே போய்க் கேட்டா குடுத்துத்தான ஆகணும்?"

கேட்டார்கள், கொடுத்தார்கள். அவசரத்தில் பல காதுகள் ஆள் மாறிப் போயின. ஒட்டிக்கொண்டன, போதும். ஆளாளுக்குக் காதில் மீன்பிடிக்கிற தங்கூஸ் நூல் ஒன்றைக் கட்டி, மறுமுனையை ஜெசிந்தாவின் ஜன்னல் கம்பியில் கட்டினார்கள். நடுவில் ஒருத்தரும் கிடையாது. பத்துச் சிரிப்பும் அவளுக்கே.

ஆனால் கதை வேண்டும் என்று தோன்றிய நேரமெல்லாம் நூலை இழுத்தார்கள். சோறு தின்ன விடவில்லை.

"யார்கிட்டட்டி புகார் சொல்ல?" என்று இசக்கியம்மாளிடம் கேட்டாள்.

"அதான் யாரும் இல்லையே. அதுக்குத்தான இம்புட்டுப் பாடு?"

நூலை இழுத்தவர்களில் திருச்செந்தூர்க்காரர்கள் அதிகம் என்பதால் வீடு தெற்கே நகர்ந்தது. உப்பளம் வந்தது. அதைத் தாண்டினால் கடல்.

"வடக்கே கனமா ஒரு ஆளைச் சேருட்டி. இல்லேன்னா மாப்பிள்ளை யாருன்னு மீனுக்குத்தான் சொல்லணும்" என்றாள் இசக்கியம்மாள்.

அந்த நேரம் பார்த்துப் பொன்பாண்டி வந்தார். சிரிக்க ஒன்றும் கிடைக்காமல் முகம் இஸ்திரி போட்டதுபோல இருந்தது.

"மாப்பிள்ளை யாரும்மா?"

"சந்தா சேருங்க சார், சொல்றேன்."

"காது வலிக்கும். நூலைக் கம்பெனித் தூண்ல கட்டிக்கிட்டுத் தூண்ல காதை வச்சிக்கிடட்டுமா?"

"உங்க இஷ்டம்."

வடக்கே கம்பெனித் தூணில் கட்டினார். வீடு நின்றது. ஜெசிந்தா ஜன்னலைத் திறந்தாள். மாப்பிள்ளை ஒரு பத்துக் கைக் கணவாய் மீன். எந்தக் கையால் தாலி கட்டுவது என்று கைகளுக்குள்ளேயே அடிதடி. திருச்செந்தூர் வரைக்கும் சிரித்தார்கள். தூணும் சிரித்தது. அந்தக் குலுங்கலில் கம்பெனி அஸ்திவாரத்தை விட்டுக் கிளம்பியது.

இப்போது அது தினமும் ஒரு முழம் தெற்கே வருகிறது. ஜெசிந்தா வாசலில் உப்பைக் கூட்டித் தள்ளி அதற்கு இடம் போட்டு வைத்திருக்கிறாள்.